மீந்துபோன கடலைப் பொட்டலம்

யாரையாவது எங்கேயாவது சேர்த்துக்கொள்ளலாமா வேண்டாமா என்று நாலு பேர் பேசுவது காதில் விழுந்தால் எனக்கு இன்றைக்கும் அங்கே இருப்புக் கொள்ளாது. எங்கள் நகரில் குடியிருப்போர் சங்கம் ஆரம்பித்தபோது, வாடகைக்கு இருப்பவர்களையும் சேர்ப்பதா, சொந்த வீட்டுக்காரர்கள் மட்டும் போதுமா என்று பேச்சு வந்தது. நான் எழுந்து வெளியே வந்து செருப்பைத் தேடுகிற மாதிரி நின்றுகொண்டேன். என்னிடம் கேட்டுவிடப் போகிறார்களே என்ற பயம். கேட்டால் எனக்குச் சொல்லத் தெரிந்தது ஒரு ரயில் பெட்டியில் நடந்ததுதான். அதை அங்கே நின்று சொல்ல முடியாது. அதனால் எழுதுகிறேன்.

தொண்ணூறுகளில் நான் செங்கல்பட்டில் குடியிருந்தேன். சொந்த ஊர் அச்சரப்பாக்கத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எழும்பூரில் ஒரு அச்சகத்தில் காகிதம் வெட்டும் மெஷினில் வேலை. பத்து விரலும் இன்றுவரை ஒழுங்காக இருக்கிறது என்றால் அதற்குத் திறமை காரணமில்லை, பயம்தான். கத்தி இறங்கும் முன்னால் விரல்களை ஒரு தடவை பார்ப்பேன். சரியாகப் பார்த்தேனா என்று சந்தேகம் வந்து இன்னொரு தடவை பார்ப்பேன். முதலாளி திட்டுவார். திட்டட்டும், விரல் அவருடையது இல்லையே.

ரயில் விஷயத்திலும் அப்படித்தான். எங்கள் வண்டிக்கு முந்தின வண்டி புறப்படும்போதே நான் பிளாட்பாரத்தில் இருப்பேன். "அதிலேயே ஏறிப் போனா இன்னா" என்று என் மனைவி கேட்பாள். அதில் ஏறினால் உட்கார இடம் கிடைக்காது, நின்றால் மயக்கம் வரும், மயங்கி விழுந்தால் தெரிந்த முகம் ஒன்றும் இருக்காது. இப்படியெல்லாம் யோசித்து அதை விட்டுவிடுவேன். என் வண்டி வந்து நின்றதும் முதல் ஆளாக ஏறுவேன்.

இந்தப் பயம்தான் எனக்கு அந்தக் கூட்டத்தில் இடம் வாங்கிக் கொடுத்தது. முன்னால் இருந்து மூன்றாவது பெட்டியில், ஏரி தெரியும் பக்கம், எதிரெதிரே இருக்கும் இரண்டு பெஞ்சுகள் எங்கள் கூட்டத்துக்கு. சட்டப்படி இல்லை, பழக்கப்படி. முதலில் ஏறித் துண்டு போட்டு வைக்க ஒரு ஆள் வேண்டியிருந்தது. என்னைவிட முந்தி வருகிற ஆள் செங்கல்பட்டிலேயே கிடையாது.

ஒன்பது பேர் இருந்தோம். எல்லாரும் ஆபீஸ், பள்ளிக்கூடம், டெலிபோன் இலாகா என்று படித்த வேலைக்காரர்கள். நான்தான் அழுக்குச் சட்டை. ஆனால் யாரும் அதை எனக்குக் காட்டியது இல்லை. தாம்பரம் வரை சீட்டாட்டம், காசு வைக்காமல். ஆயுத பூஜைக்குப் பெட்டியில் வாழைமரம் கட்டி, பொரி கடலை கொடுப்போம். தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு மாமல்லபுரம் போவோம். யாராவது இரண்டு நாள் வண்டிக்கு வரவில்லை என்றால் மூன்றாம் நாள் அவர் வீட்டுக்கு ஒருவர் போய்ப் பார்க்க வேண்டும். இது கட்டாயம். எனக்கு அம்மை போட்டிருந்தபோது வாசலில் நின்று இளநீரைக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

கூட்டத்துக்குப் பெரியவரை எல்லாரும் சாமி என்று கூப்பிடுவோம். மதுராந்தகத்தில் கோயில் கைங்கரியம் செய்த குடும்பம். இவர் மட்டும் படித்து, சென்னையில் ஒரு அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருந்தார். சீட்டில் ஏமாற்றத் தெரியாதவர். ஏமாற்றினால் கண்டுபிடிக்கவும் தெரியாதவர். அவருக்கு எதிர் சீட்டில் டிராயிங் மாஸ்டர். சைதாப்பேட்டைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் படம் வரையச் சொல்லிக் கொடுப்பவர். அவர் வாய்க்குத் தப்பியவர் யாரும் இல்லை. என்னைப் பார்த்ததும், "இன்னா மச்சான், ராத்திரி வூட்டுக்குப் போனியா, இல்ல பிளாட்பாரத்துலயே பட்த்துக்கினியா" என்பார். தினமும் அதே கேள்வி. தினமும் எல்லாரும் சிரிப்பார்கள்.

இந்தக் கூட்டத்தில் புதிதாக ஒருவரைச் சேர்ப்பதற்கு ஒரு முறை வைத்திருந்தார்கள். நான் சேர்வதற்கு முன்னாலேயே வந்த முறை அது. அதற்கு ஒரு காரணமும் உண்டு. ஒரு காலத்தில் யார் வந்தாலும் சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படி வந்த ஒருவன் காசு வைத்து ஆட ஆரம்பித்து, கைகலப்பாகி, ரயில்வே போலீஸ் எல்லாரையும் தாம்பரத்தில் இறக்கி உட்கார வைத்துவிட்டது. சாமி அன்றைக்குத் தன் வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு போலீஸ்காரர் முன்னால் தரையில் உட்கார்ந்தாராம். அதற்குப் பிறகு அவர் யோசித்துக் கொண்டுவந்த முறைதான் கடலைப் பொட்டலம்.

ஒருவரைச் சேர்க்க வேண்டும் என்று நினைப்பவர், ஆளுக்கு ஒன்று என்று வறுத்த கடலைப் பொட்டலம் வாங்கி ஒரு மஞ்சப்பையில் போட்டுக்கொள்ள வேண்டும். வண்டி கிளம்பி ஏரியை ஒட்டி ஓடும்போது பையைக் கைமாற்றி விடுவார். அந்த நேரத்தில் எல்லாரும் ஏரியைத்தான் பார்க்க வேண்டும், யார் எடுக்கிறார் என்று பார்க்கக் கூடாது. சம்மதம் என்றால் ஒரு பொட்டலத்தை எடுத்துப் பரனூர் வருவதற்குள் தின்றுவிட வேண்டும். எடுத்துப் பையில் போட்டுக்கொண்டால் அது சம்மதம் இல்லை, பாசாங்கு. பை சுற்றி வந்து காலியாக இருந்தால் ஆள் சேர்ந்தார். ஒரு பொட்டலம் மீந்தாலும் இல்லை. யார் எடுக்கவில்லை, ஏன் எடுக்கவில்லை என்று யாரும் கேட்கக் கூடாது, தானாகச் சொல்லவும் கூடாது.

"காரணம் கேட்டா சண்டை வரும்" என்பார் சாமி. "சண்டை வராம ஒருத்தரை வேண்டாம்னு சொல்றதுக்கு வேற வழி இருந்தா சொல்லுங்கோ, மாத்திக்கலாம்."

"நாம இன்னா கலெக்டர் வேலைக்கா ஆள் எடுக்கறோம் சாமி" என்பார் மாஸ்டர். "ரயில்ல குந்தறதுக்கு இத்தினி பரீட்சையா."

எனக்காகப் பை சுற்றி வந்த நாளில் அது காலியாகத் திரும்பியது. நான் நம்பாமல் பையைத் தலைகீழாக உதறிப் பார்த்தேன். கடலைத் தோல் மட்டும் விழுந்தது. ஒன்பதாவது பாஸ் செய்யாத எனக்கு அதுதான் நான் பாஸ் செய்த பரீட்சை. சிரிக்காதீர்கள்.

இப்போது கடப்பாக்கத்துக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கடற்கரை ஊரான கடப்பாக்கத்தில் பிறந்து, கல்யாணம் ஆகி செங்கல்பட்டில் வாடகைக்கு வந்தவர். பீச் ஸ்டேஷன் பக்கத்தில் படகு மோட்டாருக்கு சாமான் விற்கும் ஒரு கடையில் வேலை. எப்போதும் வண்டி நகரும்போதுதான் ஓடி வந்து ஏறுவார். எங்கள் பெஞ்சுகள் முடியும் இடத்தில், மேலே தொங்கும் பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். சீட்டு காலியாக இருந்தாலும் உட்கார மாட்டார். "நிக்கறதுதான் எனக்கு வாட்டம் அண்ணாத்த. படகுல நின்னே பழகின காலு" என்பார். எங்கள் சீட்டாட்டத்தை மேலே இருந்து பார்ப்பார். யார் கையில் என்ன இருக்கிறது என்று எல்லாம் தெரியும், ஒரு தடவைகூட வாயைத் திறந்ததில்லை. மாஸ்டர் ஜோக் அடித்தால் முதலில் சிரிப்பவர் அவர். அவர் வராத நாளில் மாஸ்டரின் ஜோக்குகள் பாதியில் படுத்துவிடும்.

ஆயுத பூஜைக்கு வாழைமரத்தை ஜன்னல் கம்பியோடு கட்டுவது அவர் வேலை ஆனது. கடல்காரர்கள் போடும் முடிச்சு. பீச் போய்த் திரும்பி வந்தாலும் அசையாது. ஆனால் ஒரு முனையை இழுத்தால் மொத்தமும் அவிழ்ந்துவிடும். நாங்கள் எல்லாரும் முயற்சி செய்து பார்த்தோம், யாருக்கும் வரவில்லை.

ஊருக்குப் போய்விட்டுத் திங்கட்கிழமை வரும்போது கருவாடு கொண்டுவருவார்.

"இன்னாபா, கடலே டிக்கெட் எடுத்துக்கினு ஏறிடுச்சா" என்று மாஸ்டர் மூக்கைப் பிடிப்பார்.

"நேத்து உங்க வூட்டுக் கொழம்புல மட்டும் இனிச்சுதா மாஸ்டர்" என்பார் இவர்.

அந்தக் கருவாட்டில் பாதி மாஸ்டர் வீட்டுக்குத்தான் போகும். சாமி முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு சிரிப்பார்.

இவர் எங்கள் கூட்டத்தில் இருக்கிறாரா இல்லையா? எனக்கு இது ஒரு பெரிய கவலையாக வளர்ந்தது. மற்றவர்களுக்கு அப்படி ஒரு கேள்வி இருப்பதாகவே தெரியவில்லை. டெலிபோன் இலாகாக்காரருக்குப் பை சுற்றி வந்தபோது இவர் அங்கேதான் நின்றிருந்தார். பை காலியானதும் அவர் முதுகில் தட்டி, "இனிமே நீங்க வூட்டு ஆளு சார்" என்றார். தான் யார் என்று இவர் யோசித்தாரா, எனக்குத் தெரியாது. எனக்கு மட்டும் அன்று முழுவதும் காகிதம் வெட்டும்போது அதே நினைப்பு.

அந்தத் தை மாதம் மாமல்லபுரம் போவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். யார் வீட்டில் புளியோதரை, யார் வீட்டில் தயிர்சாதம் என்று நின்றுகொண்டிருந்த கடப்பாக்கத்தாரின் தலைக்குக் கீழே பேச்சு ஓடியது. மேலே இருந்து அவர் சொன்னார்:

"கோயிலுக்கு வடக்கால கடல்ல எறங்க வாணாம். பாத்தா அமைதியா கீறாப்ல இருக்கும். கால் வச்சா மணலு கீழ போய்கினே இருக்கும். கொழந்தைங்கள தெக்கால எறக்குங்க."

"சரிப்பா" என்றார் ஒருவர். பேச்சு மறுபடி புளியோதரைக்குப் போனது. அவர் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு கதவுப் பக்கம் போய்க் காற்று வாங்கினார்.

எனக்கு இரண்டு கவலை. ஒன்று, கதவருகே தெரிந்த அந்த முதுகு. இன்னொன்று, என் மகள். தண்ணீரைப் பார்த்தால் ஓடுகிறவள். கடல் தெரிந்த ஒரு ஆள் எங்கள் கூட்டத்தில் நின்றுகொண்டே இருக்கும்போது, அவரைச் செங்கல்பட்டில் விட்டுவிட்டு எதற்காக நாங்கள் மட்டும் போய்க் கரையில் நின்று பயப்பட வேண்டும்?

மறுநாள் மாஸ்டரிடம் தனியாகச் சொன்னேன். "கடப்பாக்கத்தாருக்குப் பை சுத்தலாம்னு பாக்கறேன்."

மாஸ்டர் சிரிக்கவில்லை. அதுவே எனக்குப் புதிதாக இருந்தது. "ஏன் மச்சான்? அவன் இப்பவே உள்ளதான கீறான்."

"கூட்டத்துல இல்லியே. மாமல்லபுரத்துக்கு கூப்பிட முடியலியே."

"கூப்புடணும்னா சும்மா கூப்புடு. பைய எடுக்காத. மூடின கதவு ஒண்ணு இங்க கீதுன்னு அவனுக்குத் தோணவே இல்ல. நீ ஏன் போயி தட்டற?"

இந்தப் பதில் எனக்குப் பிடிக்கவில்லை. முறை என்று ஒன்று இருக்கும்போது சும்மா எப்படிக் கூப்பிடுவது? நான் பை சுற்றி வந்தவன். பை சுற்றாமல் ஒருவர் வந்தால் நாளைக்கு யாராவது அவரை ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்களா? ஒழுங்காகச் சேர்த்தால் யாரும் எதுவும் சொல்ல முடியாது என்று நினைத்தேன்.

நாள் பார்த்தேன். தினசரி காலண்டரில் தாள் தாளாகப் புரட்டி, ராகு காலம், எமகண்டம், எனக்குச் சந்திராஷ்டமம் இல்லாத நாளாக ஒன்றைப் பிடித்தேன். அந்தத் தாளில் சின்ன எழுத்தில் ஏகாதசி என்றும் போட்டிருந்தது. எனக்கு இன்னும் சந்தோஷம். பெருமாளுக்கு உகந்த நாள், காரியம் கூடும் என்று நினைத்தேன். எங்கள் வீட்டில் வைகுண்ட ஏகாதசி ஒன்றுதான் தெரியும், அதுவும் கண் விழிப்பதற்கு மட்டும்.

அன்றைக்குக் காலை பிளாட்பாரத்தில் பொட்டலம் வாங்கி, எண்ணிக்கை சரியா என்று பலமுறை பார்த்து, பையில் போட்டேன். வண்டி கிளம்பியது. அவர் வழக்கம்போல் ஓடி வந்து ஏறி, பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். என் மடியில் மஞ்சப்பையைப் பார்த்தார். சுற்றும் முற்றும் பார்த்தார். அவரைத் தவிர அங்கே புதிய ஆள் யாரும் இல்லை. அவர் முகத்தில் ஒரு வெட்கம் வந்தது. பெண் பார்க்க வந்த இடத்தில் மாப்பிள்ளைக்கு வருமே, அந்த மாதிரி. அவரும் ஏரியைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்.

ஏரி அன்றைக்கு நிறைந்து இருந்தது. எல்லாரும் அதைப் பார்த்தோம். காகிதம் சரசரக்கும் சத்தம் ஒவ்வொன்றாகக் கேட்டது. பை என் கைக்குத் திரும்பி வந்தது. கனமே இல்லை என்று முதலில் நினைத்தேன். கையை உள்ளே விட்டேன். ஒரு பொட்டலம் இருந்தது.

நான் கையை வெளியே எடுக்கவில்லை. எடுக்காமல் இருந்தால் நடக்காத மாதிரி ஆகிவிடும் என்று நினைத்தேனோ என்னவோ. கடலை மெல்லும் சத்தம் கேட்டது. எல்லாரும் ஏரிப் பக்கமே திரும்பியிருந்தார்கள், யாரும் என்னைப் பார்க்கவில்லை. முறை அப்படி. அவர் மட்டும் பார்த்தார். பையைப் பார்த்தார், என் முழங்கை வரை உள்ளே போயிருக்கும் கையைப் பார்த்தார்.

"இன்னா அண்ணாத்த, ஒண்ணு மீந்துபோச்சா."

நான் தலையை ஆட்டினேன்.

"வீணாப் போவ வாணாம். குடு, நான் துன்றேன்."

கொடுத்தேன். நின்றுகொண்டே பிரித்து, ஒவ்வொரு கடலையாகத் தோலை ஊதித் தின்றார். பரனூர் வருவதற்குள் முடித்துவிட்டார். காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "நல்லாதான் வறுத்துகீறான்" என்றார். மாஸ்டர் ஜன்னலைப் பார்த்தபடி இருந்தார். அன்றைக்கு அவர் ஒரு ஜோக்கும் அடிக்கவில்லை.

மறுநாள் கடப்பாக்கத்தார் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. மூன்றாம் நாள் வீட்டுக்குப் போய்ப் பார்ப்பது கூட்டத்து ஆளுக்குத்தான். யாரும் போகவில்லை. நான் போகலாம் என்று அவர் தெருமுனை வரை போனேன். போய் என்ன சொல்வது என்று தெரியாமல் திரும்பிவிட்டேன். அடுத்த வாரம் வண்டி நகரும்போது ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஓடி வந்து கடைசிப் பெட்டியில் ஏறினார்.

மாமல்லபுரம் போனோம். தெற்குப் பக்கமாகத்தான் இறங்கினோம். என் மகள் கையை நான் விடவே இல்லை. அவள் மணிக்கட்டு சிவந்து அழுதாள். ஒன்றும் நடக்கவில்லை, எல்லாரும் நல்லபடியாக வீடு வந்தோம். ஆனால் யாரும் தண்ணீரில் கணுக்காலுக்கு மேல் போகவில்லை. புளியோதரை மீந்தது.

அதற்குப் பிறகு எனக்கு ஒரு கேள்விதான். யார்? கேட்கக் கூடாது என்பதால் அது வெளியே போகாமல் உள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது. கேட்டிருந்தால் ஒரு நாள் சண்டையோடு போயிருக்கும். ஒவ்வொரு முகமாகப் பார்த்து எடை போட்டேன். கடைசியில் மாஸ்டரிடம் வந்து நின்றேன். மூக்கைப் பிடித்தவர் அவர். பையை எடுக்காதே என்றவர் அவர். எல்லாம் பொருந்தியது. முன்பு எனக்குச் சிரிப்பு வந்த அந்தக் கருவாட்டு ஜோக் இப்போது வேறு மாதிரி ஒலித்தது. பழகியதெல்லாம் மேலுக்குத்தான், பக்கத்தில் உட்கார வைக்கும்போது சாதி தெரிகிறது என்று முடிவு கட்டிவிட்டேன்.

நான் சண்டை போடவில்லை. எனக்கு அதற்குத் தைரியம் கிடையாது. துண்டு போட்டு இடம் பிடித்தேன், அவர் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னேன். "இன்னா மச்சான், பிளாட்பாரத்துலயே பட்த்துக்கினியா" என்றால் சிரிக்க மாட்டேன். அவர் கொஞ்ச நாள் கேட்டுப் பார்த்தார், பிறகு நிறுத்திவிட்டார். ஒரு தடவை மட்டும், இறங்குகிற நேரத்தில் மெதுவாகக் கேட்டார்.

"கடப்பாக்கத்தான் இப்ப எந்தப் பொட்டில வரான்னு தெரியுமா உனக்கு?"

"தெரியாது" என்றேன். தெரியும். கடைசிப் பெட்டி. இவருக்கு எதற்கு, கருவாடு நின்றுபோன கஷ்டமோ என்று நினைத்தேன்.

ஓய்வு பெற இரண்டு வருஷம் இருக்கும்போது மாஸ்டர் மாரடைப்பில் போய்விட்டார். கூட்டமாகத்தான் போனோம். மாலை போட்டோம். அவர் முகத்தைப் பார்க்காமல் காலைப் பார்த்துக் கும்பிட்டேன்.

கூட்டமும் அதற்குப் பிறகு சுருங்கிவிட்டது. சிலருக்கு மாற்றல், சிலருக்கு ஓய்வு. ஒருவர் மறைமலைநகருக்கே குடிபோய்விட்டார். புதிதாக யாருக்கும் பை சுற்றவில்லை. சுற்ற எல்லாருக்கும் பயம். இரண்டாயிரம் தாண்டிச் சில வருஷங்களில் சாமியும் நானும் இன்னும் இரண்டு பேரும்தான் மிச்சம். சீட்டாட்டம் சுவாரசியம் இல்லாமல் போய் நின்றது. வாழைமரம் கட்டவும் ஆள் இல்லை. சாமி நெற்றியில் ஸ்ரீசூர்ணத்தோடு ஜன்னலில் சாய்ந்து தூங்கிக்கொண்டே வருவார்.

அப்போது ஒரு இளவயது மருந்துக் கடைக்காரர் எங்களோடு உட்கார்ந்து பேச ஆரம்பித்தார். நல்ல பிள்ளை. சாமிக்கும் பிடித்துவிட்டது. எனக்குத் திடீரென்று ஒரு ஆசை வந்தது. பழையபடி ஒரு தடவை பை காலியாகத் திரும்புவதைப் பார்க்க வேண்டும். சாமியிடம் சொன்னேன்.

"வியாழக்கிழமை நாள் நல்லா இருக்கு சாமி. பை சுத்திடலாமா?"

"வியாழன் வேண்டாம்ப்பா" என்றார் சாமி, கண்ணை மூடிக்கொண்டே. "அன்னிக்கு ஏகாதசி. நேக்குத் தீர்த்தம் மட்டுந்தான். நான் எடுத்துக்க முடியாது, ஒண்ணு மீந்துடும். பாவம், அந்தப் புள்ளைக்குக் கணக்குத் தப்பாப் போயிடும்."

காலண்டர் தாளில் இருந்த அந்தச் சின்ன எழுத்து எனக்கு ஞாபகம் வந்தது. "கடப்பாக்கத்தாருக்குச் சுத்தின அன்னைக்கும் ஏகாதசி சாமி."

"ஆமா." கண்ணைத் திறந்தார். "நான் எடுத்துக்கலை. நீதானே நாள் பார்த்தே. தெரிஞ்சுதானே வெச்சிருப்பே, என்னோடதைக் கழிச்சுண்டு பார்ப்பேன்னு நெனச்சேன். என்னோடதையும் சேர்த்து ரெண்டு மீந்திருக்கும், அவன் தின்னது போக ஒண்ணு பையிலேயே கெடக்கும், வேற யாரோ வேண்டாம்னுட்டா போலருக்குன்னு..."

"ஒண்ணுதான் மீந்துது சாமி."

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "யாரும் கேக்கப்படாதுன்னு நான்தானே வெச்சேன்" என்றார். அன்றைக்குப் பிறகு அதைப் பற்றி நாங்கள் பேசியது இல்லை. மருந்துக் கடைக்காரருக்கும் பை சுற்றவில்லை. அவர் சும்மாவே எங்களோடு உட்கார்ந்து வந்தார்.

ஆளைப் பார்த்துச் சேர்ப்பதே தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். சாமியைத் தாம்பரத்தில் தரையில் உட்கார வைத்ததும் நடந்ததுதானே. கூட்டம் என்றால் ஒரு வரம்பு வேண்டும்தான். ஆனால் ஒருவரை வேண்டாம் என்றால், வேண்டாம் என்று ஒரு மனிதர் வாயால் சொல்லியிருக்க வேண்டும். எங்கள் கூட்டத்தில் யாருமே சொல்லாமல் ஒருவரை வெளியே அனுப்பிவிட்டோம். மாஸ்டர் சொன்னதை நான் எத்தனை தடவை மனசுக்குள் ஓட்டிப் பார்த்திருப்பேன். அவர் அந்த ஆளைக் கூட்டத்துக்கு வெளியே வைக்கச் சொல்லவில்லை. ஏற்கெனவே உள்ளே இருப்பவரை வாசலில் கொண்டுபோய் நிறுத்தாதே என்றுதான் சொன்னார்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு நான் கடைசிப் பெட்டியில் ஏறினேன். கூட்டம் என்றால் அப்படி ஒரு கூட்டம். பூ விற்கும் பெண்கள், கம்பெனி ஆட்கள், காலேஜ் பிள்ளைகள், யார் யாரோ. வாழைமரம் ஜன்னல் கம்பியில் கட்டியிருந்தது. முடிச்சைப் பார்த்ததுமே தெரிந்தது. அவர் நடுவில் நின்று பொரி கடலையை அள்ளி அள்ளிக் கொடுத்துக்கொண்டிருந்தார். தலை நரைத்திருந்தது.

"அட, அண்ணாத்த. வழி தவறி வந்துட்டியா. டேய், நவுருங்கடா, அண்ணாத்த குந்தட்டும்."

இடம் வந்துவிட்டது. நான் யார் என்று யாரும் கேட்கவில்லை. உட்கார்ந்தேன். வண்டி கிளம்பி ஏரியை ஒட்டி ஓடியது. அந்தப் பெட்டியில் யாரும் ஏரியைப் பார்க்கவில்லை. அவரைக் குனியச் சொல்லி, காதோடு சொன்னேன். சாமி, ஏகாதசி, தீர்த்தம், ஒரு பொட்டலம். எல்லாம் சொன்னேன்.

அவர் கையில் இருந்த பொரியைத் திரும்பத் தட்டில் போட்டார்.

"அப்ப யாருமே வாணாம்னு சொல்லல."

"சொல்லல."

"நான் மாஸ்டர்னே நெனச்சிகினு கீறேன் இத்தினி வருசமா."

"நானும்தான்."

பிடியை மாற்றிப் பிடித்தார். பரனூரில் நாலு பேர் ஏறினார்கள். அவர் அவர்களுக்குப் பொரி கொடுக்கவில்லை. பக்கத்தில் இருந்த பெண் தட்டை வாங்கிக்கொண்டாள்.

"அவுரு சாவுக்கு வந்தேன் அண்ணாத்த" என்றார். "தெருமுனை வரைக்கும் வந்தேன். மோளம் கேட்டுச்சு. உங்கள எல்லாம் பாத்தேன், வரிசையா நின்னுகினு இருந்தீங்க. நம்மள வாணாம்னவனுக்கு நாம ஏன் மாலை போடணும்னு திரும்பிட்டேன். கையில மாலை இருந்துச்சு. கோயில் வாசல்ல மாட்டிட்டுப் போய்ட்டேன்."

அவர் முடிச்சைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சிங்கப்பெருமாள் கோயில் ஸ்டேஷன் நெருங்கியது. அவர் மெதுவாகக் கேட்டார்.

"என்னப் பத்தி எப்பவாச்சும் கேட்டாரா அவுரு?"

"கேட்டாரு" என்றேன். "நீ எந்தப் பொட்டில வரேன்னு கேட்டாரு."

"நீ இன்னா சொன்ன?"

வண்டி நின்றது. ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள். நின்றுகொண்டிருந்த அவருக்கும் எனக்கும் நடுவில் யாரோ ஒரு பெரிய கூடையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு போனார்கள். கூடை போகும்வரை அவர் என் பதிலுக்காகக் குனிந்தபடியே நின்றார்.